வயிறு புரட்டுகிறதா? முதலில் ஒரு நோட்டை எடு

கண்ணு, நேற்று ராத்திரி போனில் நீ அழுதது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "பத்து நிமிஷம் அந்த ஹெட்செட்டைப் போட்டாலே வயித்தைப் புரட்டுதுக்கா. மத்தவங்க எல்லாம் ஜம்முனு சுத்தி வர்றாங்க. எனக்கு இந்த வேலை சரிப்படாது, எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்." அப்போது நான் அதிகம் பேசவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை இது. கட்டப்போகும் வீட்டை, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு விஆர் ஹெட்செட்டில் சுற்றிக் காட்டும் இதே வேலையில்தான் நானும் ஏழு வருடமாக இருக்கிறேன். முதல் மாதம் பாதி நாள் பாத்ரூம் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அதனால் எழுதியே அனுப்புகிறேன். உன்னோடு சேர்ந்த மற்ற பெண்களுக்கும் காட்டு.

வேலையை விடுவதைப் பற்றி இப்போது யோசிக்காதே. மூன்று வாரம் கொடு. ஆனால் அந்த மூன்று வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளாதே. தினமும் அளந்து எழுது. இந்தக் குமட்டலுக்கு உடம்பு பழகிவிடும். எல்லோருக்கும் இல்லை, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு. பழகிக்கொண்டிருக்கும்போது மட்டும் அது நமக்குத் தெரியவே தெரியாது. மனசில் நிற்பது மோசமான நாள்தான். திங்கட்கிழமை ஆறு நிமிடம் தாங்கினோம், வியாழக்கிழமை ஒன்பது நிமிடம் தாங்கினோம் என்பது எழுதி வைத்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நான் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் முதல் மாதமே ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன்.

முதலில் உனக்கு என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கொல்லிமலை பஸ் நினைவிருக்கிறதா? 70 கொண்டை ஊசி வளைவு. இருபதாவது வளைவு வருவதற்குள் நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பாய். அம்மா எலுமிச்சம்பழத்தைக் கீறி உன் மூக்கில் வைத்துக்கொண்டே வருவார்கள். பஸ்ஸில் உடம்பு சாய்வது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குத் தெரிகிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகைத்தான் பார்க்கிறது. ஹெட்செட்டில் அப்படியே தலைகீழ். கண் 'நடக்கிறேன், படி ஏறுகிறேன்' என்கிறது. காது 'நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறாய்' என்கிறது. இங்கிலாந்தின் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1970-களில் இதை இன்னும் நுணுக்கமாகச் சொன்னார். கண்ணும் காதும் முரண்படுவது மட்டும் காரணம் இல்லை. மூளை பழைய அனுபவத்தை வைத்து எதிர்பார்ப்பது ஒன்று, வந்து சேரும் செய்தி வேறொன்று, குமட்டல் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்றார். பஸ் டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. அடுத்த வளைவு அவர் கையில் இருக்கிறது. நம் கையில் இல்லை. பழகுவது என்று சொல்கிறோமே, அது மூளை தன் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எழுதிக்கொள்வதுதான்.

இதை உன் உடம்பின் பலவீனம் என்று தயவுசெய்து நினைக்காதே. 1894-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஒரு ஊஞ்சல் வைத்திருந்தார்கள். ஊஞ்சல் அசையாது, சுற்றியிருக்கும் அறைதான் சுழலும். உட்கார்ந்தவர்கள் தாங்களே தலைகீழாகச் சுற்றுவதாக நம்பிப் பிடியை இறுக்கினார்கள். சிலருக்குக் குமட்டலே வந்துவிட்டது. இயற்பியலாளர் ராபர்ட் வுட் அதை 1895-இல் எழுதி வைத்திருக்கிறார். ஹெட்செட் எல்லாம் வருவதற்கு எவ்வளவோ காலம் முந்தைய கதை. 2003-இல் ஜப்பானின் ஷிமானே மாநிலத்தில் ஒரு பள்ளியில் கையில் பிடித்து எடுத்த, ஆடி ஆடி ஓடும் 20 நிமிட வீடியோ ஒன்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்த 294 பேரில் 36 பேருக்கு மருத்துவமனையில் சிகிச்சை தேவைப்பட்டது. எல்லாம் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள்தான். இன்னொன்றும் கேள்: இரண்டு காதிலும் சமநிலை உறுப்பு வேலை செய்யாதவர்களை இதே மாதிரி சுழலும் காட்சிக்கு முன்னால் உட்கார வைத்துப் பார்த்தபோது அவர்களுக்குக் குமட்டல் வரவில்லை. உன் காது நன்றாக வேலை செய்கிறது கண்ணு, அதனால்தான் புரட்டுகிறது.

நோட்டில் என்ன எழுதுவது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் இந்த அளவுகோலை எழுதிக்கொள். நெதர்லாந்தில் கடல் குமட்டலை ஆராய்பவர்கள் பயன்படுத்துவது இது. பத்துக்குள் அடங்கிவிடும், ஹெட்செட் மாட்டியிருக்கும்போதே வாயால் சொல்லலாம்.

0 என்றால் ஒன்றும் இல்லை. 1 என்றால் ஏதோ சங்கடம், இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. 2 முதல் 5 வரை தலைசுற்றல், உடம்பு சூடு, தலைவலி, வேர்வை, வயிறு இருப்பது தெரிவது. லேசாகத் தொட்டுப் போனால் 2, நன்றாகப் பிடித்துவிட்டால் 5. குமட்டல் என்ற ஒன்று ஆரம்பித்தாலே 6. அது கூடினால் 7, தாங்க முடியாவிட்டால் 8. ஓங்கரித்தால் 9. வாந்தி 10.

இந்த வரிசையின் அழகு என்னவென்றால், குமட்டலுக்கு முன்னால் வரும் நான்கைந்து படிகளை இது கவனிக்க வைக்கிறது. பத்து நிமிடத்தில் திடீரென்று வந்துவிட்டது என்று நீ சொன்னாயே, திடீரென்று வந்திருக்காது. நாலாவது நிமிடமே நெற்றியில் பொட்டுப் பொட்டாகக் குளிர் வேர்வை வந்திருக்கும், எச்சில் ஊறியிருக்கும், கொட்டாவி விட்டிருப்பாய். நீ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்துக்கொள். போனில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கட்டும். அவள் "எவ்வளவு?" என்று கேட்க வேண்டும், நீ எண்ணை மட்டும் சொல்ல வேண்டும், அவள் எழுத வேண்டும். விளக்கம் வேண்டாம். ஆராய்ச்சியாளர்கள் சிலர் நிமிடத்துக்கு ஒருமுறை, 0 முதல் 20 வரை என்று கேட்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை 'புரட்டுகிறதா, புரட்டுகிறதா' என்று கேட்டால் சும்மா இருக்கும் வயிறும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும்.

அடுத்து சொல்வதைத்தான் பல பேர் கோட்டைவிடுகிறார்கள். அளப்பதற்கென்று ஒரே ஒரு வீட்டை, ஒரே ஒரு பாதையை வைத்துக்கொள். என் பாதை இது: வாசல், ஹால், சமையலறை, ஹாலுக்குத் திரும்பி மாடிப்படி, மொட்டை மாடியில் ஒரு சுற்று, கீழே இறங்கி வாசல். பத்து நிமிடம். எப்போதும் உட்கார்ந்தபடி, எப்போதும் அதே வேகம், எப்போதும் காலை பதினோரு மணி. இன்றைக்கு ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட், நாளைக்கு டூப்ளெக்ஸ், மறுநாள் டெலிபோர்ட்டில் குதித்துக் குதித்து என்று மாற்றி மாற்றிப் போனால், எண் குறைந்தது உடம்பு பழகியதாலா, வீடு சின்னதாக இருந்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. மாடிப்படிதான் என்னை எப்போதும் கவிழ்க்கும் இடம். அதனால் வேண்டுமென்றே அதைப் பாதையின் நடுவில் வைத்தேன். உன்னைக் கவிழ்க்கும் இடம் எது என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

4 வந்ததும் கையிலிருக்கும் கன்ட்ரோலரின் ஸ்டிக்கை விட்டுவிட்டு அசையாமல் ஒரு இடத்தில் நில். அரை நிமிடத்தில் இறங்கவில்லை என்றால், அல்லது 6 வந்துவிட்டால், ஹெட்செட்டைக் கழற்றி வை. இதில் மட்டும் அக்காவின் பேச்சைத் தட்டாதே. முதல் மாதம் ஒரு நாள், வாடிக்கையாளர் முன்னால் மானம் போகக் கூடாதென்று 8-இல் நின்றுகொண்டிருந்தேன். அன்று வந்த வாந்தியைவிட அடுத்த இரண்டு வாரம்தான் கொடுமை. ஹெட்செட்டின் முகப் பஞ்சு வாசனை மூக்கில் ஏறினாலே, திரை எரிவதற்கு முன்பே வயிறு புரளும். குமட்டலோடு ஒட்டிக்கொண்ட வாசனையை உடம்பு விஷம் மாதிரி நினைவில் வைத்துக்கொள்கிறது. அதைக் கழற்றுவது ஹெட்செட்டைக் கழற்றுவது போல் சுலபம் இல்லை. அந்தப் பஞ்சை மாற்றி, புதிதாகத் துணி உறை போட்ட பிறகுதான் எனக்கு விட்டது.

பாதை முடிவதற்குள் கழற்ற நேர்ந்தால், எத்தனையாவது நிமிடம் என்று எழுது. முழுதாக முடித்தால் '10+' என்று போடு. இந்த ஒரு எண்ணே உனக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

பதினாறு கேள்வி

கழற்றி வைத்து, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு இரண்டாவது வேலை. ராபர்ட் கென்னடியும் அவருடன் வேலை செய்தவர்களும், விமானிகள் பயிற்சி எடுக்கும் சிமுலேட்டர்களுக்காக 1993-இல் வெளியிட்ட ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. உலகம் முழுக்க விஆர் ஆய்வுகளில் இன்றும் அதைத்தான் கொடுக்கிறார்கள். பதினாறு அறிகுறி, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, லேசாக என்றால் 1, நடுத்தரம் 2, கடுமை 3.

பொதுவாக உடம்பு சரியில்லாத உணர்வு, அசதி, தலைவலி, கண் வலி, பார்வையைக் குவிக்கச் சிரமம், எச்சில் ஊறல், வேர்வை, குமட்டல், மனதை நிறுத்தச் சிரமம், தலை கனம், பார்வை மங்கல், கண் திறந்திருக்கும்போது கிறுகிறுப்பு, கண் மூடினால் கிறுகிறுப்பு, சுற்றியிருப்பதெல்லாம் சுழல்வது, வயிற்றில் ஏதோ இருப்பது போல, ஏப்பம். அவ்வளவுதான்.

இந்தப் பதினாறையும் மூன்று கூடையில் போடுகிறார்கள். குமட்டல் கூடை, கண் கூடை, தடுமாற்றக் கூடை. கூடைக்கு ஏழு அறிகுறி. சில அறிகுறிகள் இரண்டு கூடைகளில் வரும். எச்சில், வேர்வை, வயிறு, ஏப்பம் முதல் கூடைக்கு. தலைவலி, அசதி, கண் வலி இரண்டாவதற்கு. கிறுகிறுப்பும் சுழற்சியும் தலை கனமும் மூன்றாவதற்கு. குமட்டல் முதலாவதிலும் மூன்றாவதிலும் சேரும். பார்வை மங்கலும் குவிக்கச் சிரமமும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும். உடம்பு சரியில்லாத உணர்வும் மனதை நிறுத்தச் சிரமமும் முதல் இரண்டிலும். ஒவ்வொரு கூடையின் கூட்டலையும் முறையே 9.54, 7.58, 13.92 ஆல் பெருக்க வேண்டும். மூன்று கூட்டலையும் சேர்த்து 3.74 ஆல் பெருக்கினால் மொத்த மதிப்பெண்.

உதாரணத்துக்கு என் பழைய நோட்டையே சொல்கிறேன். முதல் நாள் குமட்டல் கூடையில் 6, கண் கூடையில் 5, தடுமாற்றத்தில் 7. பெருக்கினால் 57.24, 37.90, 97.44. மொத்தம் 18-ஐ 3.74 ஆல் பெருக்க 67.32. பத்தாவது முறை குமட்டல் 1, கண் 3, தடுமாற்றம் 1, மொத்தம் 18.70. சிமுலேட்டர் ஆய்வுகளில் 20-க்கு மேல் போனால் அந்த இயந்திரத்திலேயே கோளாறு என்று பேசுவார்கள். 67-இலிருந்து 19-க்குள் வந்ததை என் கையாலேயே கூட்டிப் பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த தைரியம் யார் சொல்லியும் வந்ததில்லை.

ஆனால் அந்தக் கண் கூடையைப் பார். மற்ற இரண்டும் சரசரவென்று இறங்கியபோது அது மட்டும் 5-இலிருந்து 3-க்குத்தான் வந்தது. மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. விசாரித்தபோதுதான் காரணம் புரிந்தது. என் கண்மணிகளுக்கு இடையிலான தூரமும் ஹெட்செட்டின் லென்ஸ் இடைவெளியும் பொருந்தவே இல்லை. பெரியவர்களுக்கு அந்தத் தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர். நம்மைப் போன்ற பல பெண்களுக்கு அதைவிடக் குறைவு. சில ஹெட்செட்டுகள் அவ்வளவு கீழே இறங்குவதே இல்லை. பெண்களுக்குத்தான் விஆர் குமட்டல் அதிகம் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020-இல் கே ஸ்டானியின் குழு வெளியிட்ட ஆய்வில், லென்ஸ் இடைவெளி பொருந்தியபோது பெண்களின் குமட்டலும் ஆண்களுடையதைப் போலத்தான் இருந்தது. இது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா. பழக்கத்தால் போகாத ஒன்றைப் பழகிப் பழகிப் போக்கப் பார்த்தேன். நீ கண்ணாடிக் கடைக்குப் போய் 'பிடி (PD, கண்மணிகளுக்கு இடையிலான தூரம்) எவ்வளவு' என்று கேள். இரண்டு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். அந்த எண்ணை நோட்டின் அட்டையிலேயே எழுதி, ஹெட்செட்டில் அதே எண்ணை வை. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே ஹெட்செட்டைப் போடுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் சரிபார்.

எண் பொய் சொல்லும் இடங்கள்

ஒன்று சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். எண் இறங்குவதெல்லாம் பழக்கம் இல்லை.

பயத்தில் தலையை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு, கண்ணை ஒரே புள்ளியில் குத்த வைத்து நடந்தாலும் எண் இறங்கும். வாடிக்கையாளர் "மேலே கூரையைக் காட்டுங்க" என்று கேட்டதும் பழையபடி 6-க்கு ஏறிவிடும். அதனால் அளக்கும் பாதையிலேயே தலையை இடமும் வலமும் மேலும் திருப்ப வேண்டிய இடங்களை நிர்ணயித்து வை. அதேபோல முதல் நாள் பத்து நிமிடம் தாங்கிவிட்டு, பத்தாவது நாள் நாலு நிமிடத்தில் கழற்றினால் கேள்வித்தாளில் குறைந்த மதிப்பெண்தான் வரும். நிமிடத்தையும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னது அதற்குத்தான்.

கேள்வித்தாளும் குமட்டலைக் கூட்டும். ஹெட்செட் போடுவதற்கு முன்பே அந்தப் பதினாறு அறிகுறியைப் படித்தவர்கள், படிக்காதவர்களைவிட அதிகக் குமட்டலைச் சொன்னார்கள் என்று ஒரு ஆய்வே இருக்கிறது. நீ முன்னாலும் நிரப்பினால் எல்லா நாளும் முன்னாலும் நிரப்பு. இல்லையென்றால் எல்லா நாளும் பின்னால் மட்டும். நடுவில் மாற்றாதே. காலையிலேயே தலைவலியோடு வந்திருந்தால் மட்டும் ஓரத்தில் அதைக் குறித்துவிடு.

இதை அக்காவாக இல்லாமல் வேறு யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள்: மாதவிலக்கு நாட்களையும் அந்த நோட்டில் வட்டம் போட்டு வை. பயணக் குமட்டல் மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் கூடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். என் நோட்டிலும் அப்படித்தான். மூன்றாவது வாரம் நன்றாக இறங்கி வந்த எண் திடீரென்று இரட்டிப்பானபோது, எல்லாம் வீண் என்று உட்கார்ந்துவிட்டேன். தேதியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒற்றைத் தலைவலி இருப்பவர்களுக்கும் இது கூடுதல் தொந்தரவு. அந்த நாட்களையும் குறி. தூக்கம் கெட்ட ராத்திரியையும் குறி.

வாயால் சொல்லும் எண்ணில் நம்பிக்கை வராதவர்களுக்கு உடம்பே தரும் அளவுகளும் உண்டு. ஒரு சுலபமான சோதனை: சுவர் மூலையில், ஆள் துணையோடு, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து, கைகளைக் கட்டி, கண்ணை மூடி நில். எத்தனை வினாடி தடுமாறாமல் நிற்கிறாய் என்று ஹெட்செட் போடும் முன்பும் கழற்றிய பின்பும் அளந்துகொள். முன்பு 30 வினாடி, பின்பு 8 வினாடி என்றால், வாய் 'ஒன்றுமில்லை' என்றாலும் கால் உண்மையைச் சொல்கிறது. கைக்கடிகாரத்தின் நாடித்துடிப்பை நான் எழுதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். முதல் நாள் பதற்றத்துக்கும் அது ஏறும், மேனேஜர் உள்ளே வந்தாலும் ஏறும்.

ஆய்வகத்தில் வயிற்றையே கேட்கிறார்கள். வயிற்றின் மேல் மின்முனைகளை ஒட்டினால் இரைப்பையின் தாளம் தெரியும். சாதாரணமாக நிமிடத்துக்கு 3 அலை. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்டெர்னும் கென்னத் கோச்சும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பெரிய உருளைக்குள் ஆட்களை உட்கார வைத்து, உருளையைச் சுழற்றிப் பார்த்தார்கள். குமட்டியவர்களின் தாளம் 4 முதல் 9 வரை தறிகெட்டு ஓடியது. திரும்பத் திரும்ப உட்கார்ந்து பழகியவர்களுக்குக் குமட்டலும் குறைந்தது, தாளமும் அடங்கியது. பழகுவது மனசின் சமாதானம் மட்டும் இல்லை, வயிறு வரை இறங்கும் மாற்றம் என்று எனக்கு முதன்முதலாகப் புரிய வைத்தது இந்தச் சோதனைதான்.

எத்தனை முறை, எவ்வளவு நேரம்

ஒரே நாளில் மூன்று மணி நேரம் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று பார்க்காதே. ஒரே அமர்வில் நேரம் நீள நீளக் குமட்டல் ஏறும். அமர்வுகளின் எண்ணிக்கை கூடக் கூட இறங்கும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பத்து முறை ஹெட்செட் போட வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு தினமும், சிலருக்கு வாரம் ஒருமுறை. ஒரு வாரம் வரை இடைவெளி எவ்வளவு என்பது பெரிய விஷயமாக இருக்கவில்லை. எத்தனையாவது முறை என்பதுதான் முக்கியமாக இருந்தது. அதனால் ஒரு நாள் முடியவில்லையா, விடு. லீவு போட்டாயா, பரவாயில்லை. பத்து முறை என்ற கணக்கை முடி. முதல் வாரம் அந்தப் பத்து நிமிடப் பாதையில் ஐந்து நிமிடமே போதும். தொடர்ந்து இரண்டு அமர்வில் 3-ஐத் தாண்டவில்லை என்றால் இரண்டு நிமிடம் கூட்டு.

பழக்கம் வந்த வீட்டோடு நின்றுவிடும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள். டெலிபோர்ட்டில் பழகியவளுக்கு ஸ்டிக்கைத் தள்ளி வழுக்கிக்கொண்டே போகும் நடை மறுபடி புதிது. கனமான மாடல் ஏற்றி, ஃபிரேம் ரேட் விழுந்து படம் திக்கித் திக்கி வந்தால் பழகியவளுக்கும் புரட்டும். அன்றைய எண்ணை உன் கணக்கில் சேர்க்காதே, மாடல் செய்தவரிடம் போய்ச் சொல். ஸ்டிக்கால் உடம்பைத் திருப்புவதற்குப் பதில் சுழல் நாற்காலியில் நிஜமாகவே திரும்பு. நகரும்போது ஓரங்களை இருட்டாக்கிப் பார்வையைக் குறுக்கும் வசதி இருந்தால் முதலில் போட்டுக்கொண்டு, வாரம் வாரம் தளர்த்து.

உதவும் சின்ன விஷயங்கள் சில. முகத்துக்கு நேராக ஒரு மேசை விசிறி. காற்று பட்டால் குறைகிறது என்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். பிடித்த பாட்டு மெதுவாக ஓடினால் நல்லது. சூயிங்கம் மெல்வதும் உதவும். வெறும் வயிறும் வேண்டாம், பிரியாணி வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து உட்கார். எண் 3-ஐத் தொட்டதும் வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடு.

இஞ்சியைப் பற்றி அம்மா சொன்னது வீண் இல்லை. 1988-இல் டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரை வைத்து நடந்த ஆய்வில், 1 கிராம் இஞ்சிப் பொடி எடுத்தவர்களுக்கு வாந்தியும் குளிர் வேர்வையும் குறைவாக இருந்தன. 2003-இல் அதே மாதிரி கோட்டு உருளைக்குள் நடந்த சோதனையில், முன்கூட்டியே இஞ்சி எடுத்தபோது இரைப்பையின் தறிகெட்ட தாளமும் அடங்கியது. பலன் தெரியவில்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. ஆகவே உனக்கு உதவுகிறதா என்று உன் நோட்டையே கேள். மூன்று நாள் சுக்குத் தண்ணீரோடு, மூன்று நாள் இல்லாமல். ஒரே நேரத்தில் விசிறி, பாட்டு, சுக்கு எல்லாவற்றையும் ஆரம்பித்துவிடாதே, எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். பஸ் பயணத்துக்குப் போடும் மாத்திரையைத் தினசரி வேலைக்குப் போட வேண்டாம். தூக்கம் தூக்கமாக வரும், அந்த நாளின் எண்ணும் உன்னுடைய எண்ணாக இருக்காது. அவசரத்துக்கு ஒரு நாள் போட்டால் 'மா' என்று குறித்து வை.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 15 நிமிடம், இரண்டு வாரம், காகிதமும் பென்சிலும் வைத்து உருவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் புதிர்களைப் போட வைத்தார்கள். சிமுலேட்டரில் குமட்டல் 51 சதவீதமும் சாலையில் 58 சதவீதமும் குறைந்தன. நமக்குப் புதிர் தேடி அலைய வேண்டியதில்லை, கையிலேயே பிளான் இருக்கிறது. நாளைக்குக் காட்டப்போகும் வீட்டின் வரைபடத்தை ராத்திரி எடுத்துவைத்து, கண்ணை மூடி வாசலிலிருந்து நடந்து பார். எந்தப் பக்கம் திரும்பினால் ஜன்னல், எத்தனை படியில் தளம் என்று. இது ஆய்வில் வந்தது இல்லை, என் பழக்கம். அடுத்த வளைவு தெரிந்த டிரைவராக உன்னை மாற்றிவிடும் என்பதால் சொல்கிறேன்.

கழற்றிய பிறகு

கழற்றியதும் ஸ்கூட்டி சாவியை எடுக்காதே. ஹெட்செட் உலகத்துக்குப் பழகிய மூளை நிஜ உலகத்துக்குத் திரும்பவும் நேரம் கேட்கும். பழகத் தொடங்கிய வாரங்களில்தான் இந்தத் திரும்பும் தடுமாற்றம் எனக்கு அதிகம் இருந்தது; குமட்டல் இல்லை, ஆனால் படியில் கால் தேடும். கழற்றிய உடனே, அரை மணி கழித்து, ஒரு மணி கழித்து என்று மூன்று முறை அந்த 0 முதல் 10 எண்ணை எழுது. எண் 0 ஆகி, சுவர் மூலைச் சோதனையில் காலையில் நின்ற அதே வினாடி நின்ற பிறகுதான் வண்டி. அமெரிக்க ராணுவத்தின் சில பிரிவுகளில் சிமுலேட்டரில் குமட்டியவரை அன்றே நிஜ விமானம் ஓட்ட அனுமதிப்பதில்லை. நம் ஊர் பைபாஸ் சாலை அதற்குக் குறைந்தது இல்லை.

மறுநாள் காலையிலும் சுற்றல் இருந்தால், காது இரைந்தால், கேட்பது குறைந்தால், எல்லாம் இரண்டாகத் தெரிந்தால், நோட்டை மூடிவிட்டு டாக்டரிடம் போ. அதெல்லாம் பழக்கத்தால் தீர வேண்டிய விஷயம் இல்லை. பத்து முறைக்குப் பிறகும் எண் முதல் நாள் இருந்த இடத்திலேயே நின்றால், நோட்டை அப்படியே மேனேஜரிடம் காட்டு; பெரிய திரையில் காட்டும் வேலையைக் கேள். கையில் எண் இருந்தால் கேட்பதற்குத் தயக்கம் வராது, அவர்களுக்கும் மறுக்கக் கடினமாக இருக்கும்.

நாளைக்குச் சாயந்திரம் முதலில் கண்ணாடிக் கடைக்குப் போய் அந்த எண்ணை வாங்கி எனக்கு அனுப்பு. நோட்டின் முதல் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. அளவுகோலைச் சரியாக எழுதியிருக்கிறாயா என்று பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது என் ஹெட்செட்டுக்குத் தைத்த துணி உறையில் இரண்டு எடுத்து வருகிறேன். அந்தப் பழைய பஞ்சை அதுவரை முகத்தில் வைக்காதே கண்ணு.